மேற்கோள் செயலிகள்: ஆய்வேட்டுக்கு எது உழைக்கும்?

‘கே., ஆர். (2019)’. தமிழ்நாட்டில் எழுதப்படும் ஆங்கில ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலில் இப்படி ஓர் ஆசிரியர் அவ்வப்போது தட்டுப்படுவார். உலகத்தில் அப்படி ஒருவர் கிடையாது. இதழில் ‘ராஜேஷ் கே.’ என்று அச்சான பெயர் அது. கடைசியில் நிற்கும் சொல்தான் குடும்பப் பெயர் என்று எண்ணிப் பழகிய மென்பொருள், அப்பாவின் முதலெழுத்தைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, ராஜேஷை ‘ஆர்.’ என்று சுருக்கிவிட்டது. மாணவர் செயலியைக் குறை சொல்வார், நெறியாளர் மாணவரைக் குறை சொல்வார். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

மேற்கோள் செயலி என்பது ஒரு குமாஸ்தா. கட்டத்தில் போட்டதை எடுத்து, ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் நடை) என்றால் ஒரு வரிசையில், எம்எல்ஏ என்றால் வேறொரு வரிசையில் அடுக்கித் தரும். (இந்த எம்எல்ஏ தேர்தலில் நிற்பவர் அல்ல, மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்.) கட்டத்தில் இருப்பது சரியா என்று அதற்குத் தெரியாது. ஆகவே எந்தச் செயலி அழகாக அடுக்குகிறது என்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. இன்றைக்கு எல்லாமே ஏறக்குறைய ஒழுங்காகத்தான் அடுக்குகின்றன. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு தவறை ஓரிடத்தில் திருத்தினால் ஏடு முழுக்க அது மாறுமா? இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் பாதிச் செயலிகள் முதல் சுற்றிலேயே விழுந்துவிடும்.

ஒரு வரி தரும் தளங்கள்

இணைய முகவரியை ஒட்டினால் முடிந்த வரியாகத் தந்துவிடும் தளங்கள் ஒரு வகை. சைட்டேஷன் மெஷின், ஈஸிபிப், பிப்மீ, சைட் திஸ் ஃபார் மீ என்று நான்கு கடைப் பலகை தொங்கினாலும் நான்குக்கும் முதலாளி ஒருவரே, அமெரிக்க நிறுவனமான செக். விளம்பரம் மண்டிய பக்கங்கள். வந்த வரியை நகலெடுத்து வேர்டில் ஒட்டியதும் அதற்கும் தளத்துக்கும் இருந்த உறவு அறுந்துவிடும். அறுபதாவது நூலைச் சேர்க்கும்போது ‘2015’ என்பது ‘2015அ’, ‘2015ஆ’ என்று பிரிய வேண்டி வந்தால், நீங்களே ஏடு முழுக்கத் தேடி மாற்ற வேண்டும். பள்ளிக் கட்டுரைக்கும் பத்து நூல் கொண்ட பருவத்தாளுக்கும் இது போதும்.

அந்த அளவு வேலைக்கு விளம்பரமே இல்லாத ஜோடெரோபிப் மேல். கணக்குத் தொடங்க வேண்டாம். பட்டியல் உங்கள் உலாவியிலேயே தங்கும். உலாவியின் சேமிப்பைத் துடைத்தால் பட்டியலும் போய்விடும் என்பதால் வேலை முடிந்ததும் இணைப்பு முகவரி ஒன்றை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவின் கட்டங்களையும் திறந்து திருத்த முடிவது இதன் பெரிய வசதி. பின்னாளில் ஜோடெரோ என்ற முழுச் செயலிக்கு மாறினால் பட்டியலை அப்படியே எடுத்துப் போகலாம்.

கூகுள் ஸ்காலரில் மேற்கோள் குறியை அழுத்தினால் எம்எல்ஏ, ஏபிஏ, சிகாகோ, ஹார்வர்டு, வான்கூவர் என்று ஐந்து வரிகள் வரும். அவசரத்துக்கு உதவும், ஆனால் அந்த வரிகளில் டிஓஐ எண் (கட்டுரைக்கு உரிய நிலையான இணைய அடையாள எண்) இருக்காது. ஏபிஏ ஏழாம் பதிப்பு அதை எதிர்பார்க்கிறது. கருத்தரங்கத் தொகுப்பில் வந்த கட்டுரை என்றால் பதிப்பாளர், பக்கம் இரண்டில் ஒன்று பல நேரம் விடுபட்டிருக்கும். வரியை நகலெடுப்பதைவிட, அதன் கீழேயுள்ள எண்ட்நோட் அல்லது பிப்டெக் கோப்பை இறக்கி, மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் ஜோடெரோ போன்ற ஒரு மேலாண்மைச் செயலிக்குள் போடுவதே உருப்படியான வழி.

வேர்டிலேயே ‘ரெஃபரன்சஸ்’ பட்டையில் ஒரு வசதி இருக்கிறதே என்று கேட்பவர்கள் அதன் பட்டியலை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். பல கணினிகளில் அங்கே இருப்பது ஏபிஏ ஆறாம் பதிப்பு, எம்எல்ஏ ஏழாம் பதிப்பு. ஏபிஏ ஏழாம் பதிப்பு 2019இல் வந்துவிட்டது, எம்எல்ஏ ஒன்பதாம் பதிப்பு 2021இல். ஏபிஏ ஏழாம் பதிப்பில் பதிப்பாளரின் ஊர் கிடையாது; வேர்டு இன்னும் ஊரைக் கேட்டு நிற்கும்.

ஜோடெரோ

முனைவர் பட்டம் வரை தாங்குவது இதுதான். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையம் ஒன்றில் 2006இல் ஃபயர்ஃபாக்ஸ் இணைப்பாகப் பிறந்தது. இப்போது தனிச் செயலி; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். திறமூலம், இலாபநோக்கற்ற அமைப்பு ஒன்றின் பராமரிப்பு, விலை இல்லை. எத்தனை ஆயிரம் பதிவு வேண்டுமானாலும் இலவசமாக ஒத்திசைக்கலாம். பிடிஎஃப் கோப்புகளுக்கு மட்டும் 300 எம்பி இலவசம்; அதற்கு மேல் ஆண்டுக்கு 20 டாலருக்கு 2 ஜிபி. வருடிய பழைய தமிழ் நூல் ஒன்றே 40, 50 எம்பி போகும் என்பதால் 300 எம்பி சீக்கிரம் நிரம்பும். நிரம்பினால் பதறத் தேவையில்லை. அமைப்புகளில் கோப்பு ஒத்திசைவை மட்டும் நிறுத்திவிட்டால் பதிவுகள் வழக்கம்போல் ஒத்திசையும், கோப்புகள் உங்கள் கணினியில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ‘ஜோடெரோ’ என்ற தரவுக் கோப்புறையைத் தூக்கி ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ வைக்காதீர்கள். செயலி எழுதிக்கொண்டிருக்கும்போதே டிரைவும் அந்தத் தரவுத்தளக் கோப்பை நகலெடுக்க முயலும். இரண்டும் மோதினால் தரவுத்தளம் சிதையும். காப்பு நகல் வேண்டுமென்றால் ஜோடெரோவை மூடிவிட்டு முழுக் கோப்புறையையும் வெளி வட்டுக்கு நகலெடுங்கள்.

நிறுவும்போது வேர்டு மூடியிருக்கட்டும். செயலிக்குப் பிறகு குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் எதுவோ, அதற்கான ‘கனெக்டர்’ இணைப்பையும் போட வேண்டும். வேர்டைத் திறந்ததும் ‘ஜோடெரோ’ என்று தனிப் பட்டை தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஜோடெரோ அமைப்புகளில் ‘சைட்’ பகுதிக்குப் போய் வேர்டு இணைப்பை மறுபடி நிறுவும் பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். லிப்ரே ஆபீஸ், கூகுள் டாக்ஸ் இரண்டோடும் வேலை செய்யும். பலர் கணினியில் இருக்கும் டபிள்யூபிஎஸ் ஆபீஸுக்கு அதிகாரப்பூர்வ இணைப்பு இல்லை. இதை முதல் நாளே தெரிந்துகொள்ளாமல் இரண்டு இயல் எழுதிவிட்டுத் தலையில் கை வைப்பவர்கள் உண்டு.

நூல்களை உள்ளே கொண்டுவர மூன்று வழி. டிஓஐ, ஐஎஸ்பிஎன் எண் இருந்தால் மந்திரக்கோல் படத்தை அழுத்தி எண்ணை ஒட்டுவது. இதுதான் ஆகச் சுத்தமானது. பிடிஎஃப் கோப்பை இழுத்துப் போட்டால் அதற்குள்ளிருக்கும் எழுத்தைப் படித்து விவரத்தை அதுவே தேடிப் பிடிக்கும். வருடிய படமாக மட்டும் உள்ள பிடிஎஃப் என்றால் படிக்க எழுத்தே இல்லாததால் கைவிரித்துவிடும். மூன்றாவது, உலாவியின் கனெக்டர் பொத்தான். அந்தப் பொத்தானின் படத்தைக் கவனிப்பவர்கள் குறைவு. நூல் பக்கத்தில் அது புத்தகமாகவும், கட்டுரைப் பக்கத்தில் கட்டுரைத் தாளாகவும், தேடல் முடிவுகளில் கோப்புறையாகவும் மாறும். வெறும் இணையப் பக்கமாகவே நின்றால், அந்தத் தளத்தின் விவரங்களை அதனால் பிரித்துப் படிக்க முடியவில்லை என்று பொருள். அப்போது சேமித்தால் தலைப்புக் கட்டத்தில் தளத்தின் பெயரும் குத்துக்கோடும் சேர்ந்து வரும், ஆசிரியர் இடத்தில் ‘அட்மின்’ உட்கார்ந்திருப்பார். சேமித்த கையோடு திருத்துங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டவை பிறகு பார்க்கப்படுவதில்லை.

பெயர்த் தகராறு

தொடக்கத்தில் பார்த்த ‘கே., ஆர்.’ சிக்கலுக்கு வருவோம். டிஓஐ கொண்டு இழுத்தாலும் இது நேரும். இதழ்க்காரர்கள் பதிவுசெய்தபோதே ‘கே’யைக் குடும்பப் பெயராகக் கொடுத்திருப்பார்கள். ஜோடெரோவில் ஆசிரியர் பெயருக்கு இரண்டு கட்டம்: முதலில் குடும்பப் பெயர், அடுத்தது இயற்பெயர். தமிழ்ப் பெயருக்குக் குடும்பப் பெயர் இல்லை. எனவே அவரை உலகம் அழைக்கும் பெயரை முதல் கட்டத்திலும், முதலெழுத்தை இரண்டாவதிலும் போட வேண்டும். ‘ராஜேஷ்’ ஒரு கட்டம், ‘கே.’ மறு கட்டம். பட்டியலில் ‘ராஜேஷ், கே.’ என்று ஒழுங்காக வரும். முதலெழுத்து முன்னால் நிற்கும் ‘கு. முருகன்’ போன்ற பெயர்கள் தற்செயலாகவே சரியாக விழுந்துவிடும். முதலெழுத்து பின்னால் நிற்பவைதான் படுத்தும்.

நிறுவனம் ஆசிரியர் என்றால் கட்டத்தின் பக்கத்திலுள்ள சிறு பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக்குங்கள். இல்லாவிட்டால் ‘தமிழ்ப் பல்கலைக்கழகம்’ என்பது ‘பல்கலைக்கழகம், த.’ ஆகிவிடும் அபாயம் உண்டு.

தமிழ் எழுத்திலேயே பெயர் எழுதும்போது ஒரு சோதனை செய்யாமல் மேலே போகாதீர்கள். ஒரே ஒரு நூலை இரண்டு கட்ட முறையில் பதிந்து, உங்கள் மேற்கோள் நடையில் பட்டியலை உருவாக்கிப் பாருங்கள். காற்புள்ளி, இடைவெளி இல்லாமல் பெயரும் முதலெழுத்தும் ஒட்டிக்கொண்டு நின்றால், தமிழ்ப் பதிவுகளை எல்லாம் ஒற்றைக் கட்டத்துக்கு மாற்றி ‘முருகன், கு.’ என்று நீங்களே அடித்துவிடுங்கள். முந்நூறு பதிவு செய்துவிட்டு இதைக் கண்டுபிடிப்பதைவிட மூன்றாவது பதிவில் கண்டுபிடிப்பது நல்லது.

இன்னொரு அறிகுறியும் பலரைக் குழப்பும். ஏபிஏ நடையில் எழுதும்போது உடற்பகுதியில் திடீரென்று ‘(கு. முருகன், 2015)’ என்று முதலெழுத்து முளைக்கும், மற்ற ஆசிரியர்களின் பெயரில் அது இருக்காது. இது செயலியின் பிழை அல்ல. ஒரு நூலில் ‘கு.’ என்றும் இன்னொன்றில் ‘குமார்’ என்றும் பதிந்திருக்கிறீர்கள். இரண்டு வெவ்வேறு முருகன்கள் என்று நினைத்து அது வேறுபடுத்திக் காட்டுகிறது. அதேபோல், ஆண்டுக்குப் பின்னால் தேவையில்லாமல் ‘ஏ’, ‘பி’ ஒட்டினால் ஒரே நூல் இரண்டு முறை பதிவாகியிருக்கிறது. இடப்பக்கத்தில் ‘டூப்ளிகேட் ஐட்டம்ஸ்’ என்பதைத் திறந்து இரண்டையும் இணையுங்கள். ஒன்றை அழித்தால் அதைச் சுட்டிய இடங்கள் அனாதையாகும், இணைத்தால் ஆகாது.

தமிழ் நூல்களைப் பதிவது

பழைய தமிழ் நூல்களுக்கு ஐஎஸ்பிஎன் கிடையாது. புதிய நூல்களில் எண் இருந்தாலும், தேடிக் கிடைப்பது பெரும்பாலும் வெளிநாட்டு நூலகப் பட்டியலின் விவரம். அது ரோமன் எழுத்துப் பெயர்ப்பில், ‘ழ’வுக்கும் ‘ன’வுக்கும் அடியில் கோடிட்ட எழுத்துகளோடு வந்து இறங்கும். ஆங்கில ஆய்வேட்டுக்கு அது பொக்கிஷம், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் ஆய்வேடு என்றால் தலைப்பு, பதிப்பகம், ஊர் மூன்றையும் தமிழில் மாற்றி அடிக்க வேண்டும். மொழிக் கட்டத்தையும் நிரப்புங்கள். அது காலியாக இருந்தால் தலைப்பை ஆங்கிலம் என்று கொண்டு, எம்எல்ஏ போன்ற நடைகளில் ரோமன் எழுத்துத் தலைப்பின் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தாக்கிவிடும்.

பாமினி, வானவில் போன்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அச்சான பிடிஎஃபிலிருந்து தலைப்பை நகலெடுத்தால் என்ன நடக்கும் தெரியுமா? பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள்தான். ஜோடெரோவில் அது அப்படியே ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கும், அகரவரிசையில் ‘ஜே’யின் கீழ் போய் உட்காரும். எதிர்ப்பக்கமும் உண்டு: ஆய்வேட்டின் உடற்பகுதியைப் பாமினியில் அடித்திருந்தால், ஜோடெரோ செருகும் ஆங்கில மேற்கோள் எழுத்துரு மாறியதும் பொருளற்ற தமிழ் எழுத்துக் குவியலாகும். பழைய எழுத்துருவில் ஆய்வேடு எழுதுபவர்களுக்கு எந்த மேற்கோள் செயலியும் உதவாது. முதல் வரியிலிருந்தே யூனிகோடு.

செவ்விலக்கியப் பதிப்புகள் தனித் தலைவலி. சீவக சிந்தாமணியை எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தக்கதேவர் ஆசிரியர், நச்சினார்க்கினியர் உரையாசிரியர், உ.வே. சாமிநாதையர் பதிப்பாசிரியர், முதல் பதிப்பு 1887. ஜோடெரோவின் நூல் படிவத்தில் ஆசிரியர், பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர், பங்களிப்பாளர், வரிசைப் பதிப்பாசிரியர் என்று இடம் உண்டு, உரையாசிரியருக்கு இல்லை. ஆயிரம் ஆண்டு உரை மரபு இருக்கும் மொழியை நினைத்து யாரும் அந்தப் படிவத்தைச் செய்யவில்லை. பங்களிப்பாளராகப் போட்டால் பெரும்பாலான நடைகள் அவரை அச்சிடுவதே இல்லை. நடைமுறை வழி, ‘சீவக சிந்தாமணி: நச்சினார்க்கினியர் உரையுடன்’ என்று தலைப்பிலேயே சேர்ப்பது. கையிலிருப்பது மறுபதிப்பு என்றால் அதன் ஆண்டைத் தேதிக் கட்டத்தில் போட்டு, ‘எக்ஸ்ட்ரா’ கட்டத்தில் ‘ஒரிஜினல்-டேட்’ என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், நடுவே இணைப்புக்கோடிட்டு, முக்காற்புள்ளிக்குப் பின் 1887 என்று எழுதுங்கள். ஏபிஏ நடையில் இரண்டு ஆண்டுகளும் சாய்கோட்டோடு வரும். பாடல்களைப் பக்கத்தால் சுட்டாதீர்கள். குறள் 391, புறநானூறு 192 என்று எண்ணால் சுட்டினால் எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் தேடிப் பிடிக்கலாம்.

சிற்றிதழ்களில் ‘அக்டோபர்–டிசம்பர் 1998’ என்று இருக்கும். தேதிக் கட்டத்தில் 1998 மட்டும் போட்டு, மாதங்களை இதழ் எண் கட்டத்துக்குக் கொண்டுபோங்கள். நாளிதழ் என்றால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் அடியுங்கள். 03/04/2019 என்பது ஏப்ரலா மார்ச்சா என்று செயலி ஊகிக்க வேண்டிய நிலையை உண்டாக்காதீர்கள். கட்டத்தின் ஓரத்தில் மங்கலாக வரும் மூன்று ஆங்கில எழுத்துகள், அது எதை ஆண்டாக, மாதமாக, நாளாக எடுத்துக்கொண்டது என்று காட்டும்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவிலிருந்து ஆய்வேட்டைச் சேமித்தால் முதலில் பதிவின் வகை ‘தீசிஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். நெறியாளர் பெயர் இணையாசிரியராக நுழைந்திருந்தால் எடுத்துவிடுங்கள். பல தமிழ் ஆய்வேடுகளின் தலைப்பு அங்கே ஆங்கில எழுத்தில் பதிவாகியிருக்கும். பிடிஎஃபின் முகப்புப் பக்கத்தைத் திறந்து தமிழ்த் தலைப்பை எடுங்கள். முகவரிக் கட்டத்தில் 10603 என்ற எண்ணைக் கொண்ட நிலையான முகவரியைப் போடுங்கள். உலாவியின் மேல்பட்டையில் தெரியும் நீளமான முகவரி வேண்டாம்.

வேர்டுக்குள்

ஜோடெரோ பட்டையில் ‘ஆட்/எடிட் சைட்டேஷன்’ அழுத்தினால் முதல் முறை நடையைக் கேட்கும், பிறகு ஒரு தேடல் பட்டை வரும். பெயரை அடித்து, நூலைத் தேர்ந்து, பட்டையில் குமிழாக நிற்கும் அதன் பெயரை ஒரு தட்டுத் தட்டினால் பக்க எண் இடம் திறக்கும். பக்கத்தை எப்போதும் அங்கேதான் கொடுக்க வேண்டும். மேற்கோளுக்குள் கையால் அடித்தால் அடுத்த புதுப்பிப்பில், ‘இதை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், அப்படியே வைக்கவா?’ என்று கேட்கும். ‘ஆம்’ என்றீர்களானால் அந்த ஒன்று மட்டும் கல்லாகிவிடும். பிறகு நூலின் விவரத்தைத் திருத்தினாலும் அதில் ஏறாது.

அதே குமிழில் ‘ஆமிட் ஆத்தர்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. தமிழில் எழுதுபவர்களுக்கு ஆங்கிலத்தைவிட இது அதிகம் தேவைப்படும். ‘முருகனின் (2015) கருத்துப்படி’, ‘முருகனோ (2015) இதை மறுக்கிறார்’ என்று தமிழில் பெயரோடு வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் ஒட்டியே வரும். செயலியால் உருபு சேர்க்க முடியாது. பெயரை வாக்கியத்தில் நீங்கள் எழுதுங்கள், ஆண்டை மட்டும் அதனிடம் விடுங்கள். ஒற்றைக் கட்டத்தில் பெயர் போட்டவர்களுக்கு உடற்பகுதியில் முதலெழுத்து தேவையில்லாமல் வரும் சிக்கலும் இதிலேயே தீரும்.

நடைகளுக்குப் பஞ்சமில்லை, ஜோடெரோவின் களஞ்சியத்தில் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஆனால் தமிழ்த் துறைகள் கேட்கும் ‘மேலது, ப. 45’ என்ற அடிக்குறிப்பு நடை அப்படியே கிடைக்காது. செய்துகொள்ளலாம். சிகாகோ 17ஆம் பதிப்பு ‘ஐபிட்’ வேண்டாம் என்கிற பக்கம் சாய்ந்ததால், ‘வித் ஐபிட்’ என்று பெயரிலேயே உள்ள வடிவத்தை இறக்க வேண்டும். ‘டூல்ஸ்’ மெனுவில் ‘டெவலப்பர்’ என்பதன் கீழ் ‘ஸ்டைல் எடிட்டர்’ திறந்து, கோப்பின் மேற்பகுதியில் ‘லோகேல்’, அதற்குள் ‘டெர்ம்ஸ்’ என்ற பகுதியைச் சேர்த்து, ‘ஐபிட்’ என்பதற்கு ‘மேலது’, பக்கத்தின் குறுவடிவத்துக்கு ஒருமையில் ‘ப.’, பன்மையில் ‘பக்.’, ‘எட்-ஆல்’ என்பதற்கு ‘மற்றும் பலர்’ என்று கொடுக்கலாம். நடையின் பெயரையும் அடையாள முகவரியையும் மாற்றிச் சேமிக்க மறக்காதீர்கள். மறந்தால் அடுத்த தானியங்கிப் புதுப்பிப்பு உங்கள் உழைப்பின்மேல் பழையதை எழுதிவிடும். ஏபிஏவை இப்படித் தமிழாக்க முயல்பவர்கள் ஒரு இடத்தில் முட்டுவார்கள்: இரு ஆசிரியருக்கு நடுவில் வரும் ஆம்பர்சண்ட் (&) குறி ‘மற்றும்’ ஆகாது. அது சொற்பட்டியலிலிருந்து வருவதல்ல, பெயர் அடுக்கும் கட்டளையில் ‘சிம்பல்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அங்கே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்ற வேண்டும், சொற்பட்டியலில் ‘அண்ட்’ என்பதற்கும் தமிழ் கொடுக்க வேண்டும்.

தமிழ் நூல்கள் தனி, ஆங்கில நூல்கள் தனி என்று பட்டியல் கேட்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. ஜோடெரோ ஒரே பட்டியல்தான் தரும். நல்ல வேளையாக அகரவரிசையில் ரோமன் எழுத்துப் பதிவுகள் எல்லாம் முதலிலும் தமிழ் எழுத்துப் பதிவுகள் எல்லாம் அடுத்தும் தாமாகவே பிரிந்து நிற்கும். கடைசியில் வெட்டி இடம் மாற்றி, மேலே ஒரு தலைப்புப் போட்டால் ஆயிற்று.

ஏடு நீளமாக நீளமாக, ஒவ்வொரு மேற்கோளைச் செருகும்போதும் வேர்டு சில நொடி திணறும். ஆவண விருப்பங்களில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டு, நாளின் கடைசியில் ‘ரிஃப்ரெஷ்’ அழுத்துங்கள். திடீரென்று மேற்கோள் இருந்த இடமெல்லாம் வளைவு அடைப்புக்குள் நீளமான ஆங்கிலக் குறியீடாகத் தெரிந்தால் எதுவும் கெட்டுப்போகவில்லை, ஆல்ட், எஃப்9 இரண்டும் கைதவறி அழுந்தியிருக்கின்றன. மறுபடி அழுத்தினால் போதும்.

மெண்டலி, எண்ட்நோட், பிற

மெண்டலி 2013 முதல் எல்செவியர் பதிப்பகத்திடம் இருக்கிறது. இலவச இடம் 2 ஜிபி, ஜோடெரோவைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு. பிடிஎஃப் அதிகம் சேர்க்கும் அறிவியல் மாணவர்களை இது இழுக்கும். வேர்டு இணைப்பு நன்றாகவே வேலை செய்கிறது, உலாவியில் ஓடும் வேர்டிலும்கூட. ஜோடெரோவுக்கு அது முடியாது. ஆனால் கைபேசிச் செயலிகளை 2021இல் நிறுத்தினார்கள், பலர் பழகிவைத்திருந்த பழைய மெண்டலி டெஸ்க்டாப்பை 2022 செப்டம்பரோடு இறக்கத்துக்குத் தருவதை நிறுத்தினார்கள். புதிய பதிப்பில் லிப்ரே ஆபீஸ் இணைப்பு கிடையாது, கூகுள் டாக்ஸுக்கும் கிடையாது. 2018இல் கணினியிலுள்ள தரவுத்தளத்தையே மறையாக்கம் செய்து, ஜோடெரோ நேராக எடுக்க முடியாதபடி ஆக்கினார்கள். நான்கைந்து ஆண்டு உழைப்பை வைக்கும் இடத்தில் வாசல் எப்போதும் திறந்திருக்க வேண்டும். ஏற்கெனவே மெண்டலியில் பாதி ஏடு எழுதியவர்கள் அதிலேயே முடியுங்கள். ஒரே ஆவணத்தில் இரண்டு செயலிகளின் மேற்கோள்களைக் கலந்தால் ஒன்று மற்றதைப் பட்டியலில் சேர்க்காது.

எண்ட்நோட் கிளாரிவேட் நிறுவனத்தின் சரக்கு, விலை கொடுத்து வாங்க வேண்டும். கல்லூரியே உரிமம் வாங்கித் தந்தால் பயன்படுத்துங்கள். கைக்காசு போட்டு வாங்க மாணவருக்குக் காரணம் எதுவும் இல்லை. லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதும் கணிதம், இயற்பியல், கணினி மாணவர்களுக்கு ஜாப்ரெஃப் உண்டு. ஜோடெரோவிலிருந்தும் பிப்டெக் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம்.

சாட்பாட்டிடம் ‘இந்தத் தலைப்பில் பத்து மேற்கோள் கொடு’ என்று கேட்பது இப்போது பழக்கமாகிவருகிறது. இதழ் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் கனகச்சிதமாக இருக்கும், கட்டுரை மட்டும் இருக்காது. நியூயார்க்கில் 2023இல் இப்படிக் கிடைத்த பொய்த் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. சோதிப்பது எளிது. டிஓஐ எண்ணை ஜோடெரோவின் மந்திரக்கோலில் ஒட்டுங்கள். மேற்கோள் பொய் என்றால் ஒன்றும் வராது, அல்லது சம்பந்தமே இல்லாத வேறொரு கட்டுரை வரும். டிஓஐ இல்லாத பதிவு என்றால் இதழின் தளத்தில் அந்தத் தொகுதியைத் திறந்து, பொருளடக்கத்தில் தேடுங்கள்.

துணைநூற்பட்டியல் நீண்டால், கருத்துத் திருட்டைக் கண்டறியும் ஒப்புமைச் சோதனையில் விழுக்காடு ஏறும் என்று பயந்து நூல்களைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். யுஜிசியின் 2018 விதிமுறை, முறையாகச் சுட்டிய மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் கணக்கிலிருந்து விலக்கச் சொல்கிறது. அறிக்கையில் அவை சேர்ந்திருந்தால், சோதனை போட்டவர் விலக்கும் அமைப்பைத் தேர்வு செய்யவில்லை. நூலகத்தில் கேட்டு மறுபடி போடச் சொல்லுங்கள்.

நெறியாளருக்கு அனுப்புவது, டிடிபி கடைக்குக் கொடுப்பது இரண்டும் வேறு. நெறியாளருக்கு உயிருள்ள கோப்பையே அனுப்பலாம், அவர் வேர்டில் திறந்து வேர்டிலேயே சேமிக்கும்வரை. அவர் கூகுள் டாக்ஸில் ஏற்றித் திருத்தி அனுப்பினால் இணைப்புகள் செத்து வெறும் எழுத்தாகத் திரும்பி வரும். அப்போது அவர் திருத்தங்களைப் பார்த்துப் பார்த்து உங்கள் கோப்பில் ஏற்றுவதைத் தவிர வழியில்லை. கடைக்குப் போகும் முன் கோப்பை வேறு பெயரில் சேமித்து, அந்த நகலில் மட்டும் ‘அன்லிங்க் சைட்டேஷன்ஸ்’ அழுத்துங்கள். தமிழ், ஆங்கிலம் என்று பட்டியலைப் பிரிப்பதும் கடைசி நேரக் கைத்திருத்தங்களும் இந்த நகலில்தான். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் இரண்டு நூலைச் சேர்க்கச் சொல்வார், அப்போது இணைப்பு அறுபடாத அந்த முதல் கோப்பு தேவைப்படும்.